இஞ்சினை நிறுத்துகிற இடம்

அவள் இஞ்சினை நிறுத்தும் குமிழை இழுத்தாள். அது கையோடு வந்துவிட்டது.

பின்னாலேயே கம்பியும் தளர்ந்து நீண்டது. கீழே எங்கோ கம்பியைப் பற்றவைத்த இடம் விட்டிருக்க வேண்டும்.

இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

எதிரே படகுத்துறை. அதன் சுவரில் தொங்கும் டயர்கள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின. இருபுறமும் கட்டிக் கிடக்கும் படகுகள். திருப்ப இடமில்லை. பாயை வாய்க்காலுக்குள் நுழையும் முன்பே இறக்கிவிட்டிருந்தாள். இந்தப் பழைய டீசல் இஞ்சினுக்கு நியூட்ரலும் கிடையாது. அது ஓடும்வரை படகும் ஓடும்.

குதிகாலால் தளத்தை ஓங்கி மிதித்தாள்.

மிதித்த பிறகுதான் நினைவு வந்தது.

கீழே யாரும் இல்லை.

இத்தனை வருடமும் அப்படித்தான் நடந்தது. அவள் மேலே சுக்கானைப் பிடித்திருப்பாள். அவள் கணவர் கஸ்பார் கீழே இஞ்சினருகில் குந்தியிருப்பார். துறையின் விளக்குக் கம்பம் நேரே வந்ததும் அவள் மிதிப்பாள். இஞ்சின் அடங்கும். படகு தானாக மிதந்துபோய் டயரில் சாயும்.

இஞ்சினை மேலிருந்து நிறுத்தும் கம்பி, படகை வாங்கும்போதே அறுந்திருந்தது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் மாற்ற வேண்டும் என்று பேசினார்கள். மாற்றவில்லை. மாலைச் சவாரிக்கு வருகிறவர்கள் அந்த மிதியை ஏதோ சடங்கு என்று நினைத்தார்கள். இருவரும் முகம் கொடுத்துப் பேசாத நாட்களிலும் அது மட்டும் நின்றதில்லை. ஒரு தடவை கோபத்தில் பலகை அதிர மிதித்தாள். கீழேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அதோடு அந்தச் சண்டை முடிந்துபோனது.

இப்போது அவர் துறையில், பிளாஸ்டிக் நாற்காலியில் இருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்த பிறகு ஏணியில் இறங்க முடியாது. பக்கத்தில் கிளாட்வின் நிற்கிறான். படகை விலைக்குக் கேட்டு வந்தவன்.

விற்கக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தவள் அவள்தான். தனியாகக் கொண்டுபோய்த் தனியாகக் கொண்டுவந்து கட்டு, அப்புறம் விற்கிற பேச்சையே எடுக்க மாட்டேன் என்றார் கஸ்பார். அதற்காகத்தான் மெக்கானிக்கைக் கூப்பிட்டு இந்தப் புதுக் கம்பியைப் போட்டார்கள்.

விளக்குக் கம்பம் நேரே வந்தது. கடந்தது.

சுக்கானைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டு இறங்கினாள்.

சூடு முகத்தில் அறைந்தது. டீசல் குழாயைத் திருகி மூடினாள். இஞ்சின் அசரவில்லை. குழாயில் மிச்சமிருக்கும் எண்ணெயைக் குடித்து முடிக்காமல் அது ஓயாது. துறை அதுவரை காத்திருக்காது.

அவர் எப்படித்தான் நிறுத்தினார்? ஒரு நாளும் கேட்டதில்லை. மிதித்தால் நிற்கும். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

சுவரில் ஒரு ஆணி. ஆணியில் ஒற்றை ரப்பர் செருப்பு.

இந்தச் செருப்பை வைத்து எத்தனை சண்டை. ஏன் எப்போதும் ஒரு கால் வெறுங்காலாக மேலே வருகிறீர்கள், சவாரி வந்தவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்பாள். கீழே வேர்க்கிறது என்பார். வேர்த்தால் ஒரு காலில் மட்டுமா வேர்க்கும்?

எடுத்துத் திருப்பினாள்.

அடிப்பக்கத்தில் வட்டமாக ஒரு தழும்பு. ரப்பர் உள்வாங்கி, ஓரம் கறுத்து.

இஞ்சின் தலையருகே காற்றை இழுக்கும் குழாயின் வாய். அதே வட்டம். அதே அளவு.

செருப்பை அதன்மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினாள். குழாய் ரப்பரை வெறியோடு உறிஞ்சியது. இஞ்சின் திக்கியது. இருமியது. உடம்பை ஒரு முறை உலுக்கிக்கொண்டது.

நின்றது.

உடனே மேலே ஓட வேண்டும். ஒரு மூச்சு நேரம் அவள் ஓடவில்லை.

பலகைக்கு வெளியே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. காதுக்கு அவ்வளவு அருகில். பட்டுத் துணியை யாரோ மெல்ல இழுப்பதுபோல. இஞ்சின் நின்ற பிறகும் அவர் ஏன் மேலே வரத் தாமதித்தார் என்று புரிந்தது. இதைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். இதையும், தலைக்கு மேலே கயிறெடுக்க நடக்கும் அவள் காலடியையும்.

அண்ணாந்து பார்த்தாள்.

மேலே யாரும் நடக்கவில்லை.

ஏணியில் ஏறி வந்தபோது துறை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சுக்கானை அவிழ்த்து ஒடித்துத் திருப்பினாள். படகு டயரில் சற்றுப் பலமாகவே இடித்தது, பின்வாங்கியது, அடங்கியது. கிளாட்வின் கை நீட்டினான். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு அவளே கயிற்றை வீசினாள். அவளே முடிச்சிட்டாள்.

கஸ்பாரின் முகத்தில் இத்தனை மாதம் காணாத சிரிப்பு.

"செயிச்சிட்டியே ஏட்டி," என்றார். பிறகு பக்கத்தில் திரும்பி, "தம்பி, நீ வேற படகு பாத்துக்கோ. இது எங்க வீட்டம்மா படகு."

கிளாட்வின் தலையைச் சொறிந்துகொண்டு கிளம்பப் பார்த்தான்.

"இருங்க தம்பி," என்றாள் அவள். "வீட்ல யாரு இருக்கா உங்களுக்கு?"

பெஞ்சாதி இருக்கிறாள் என்றான். அவளுக்கும் கடல் என்றால் பிரியம்தான் என்றான், எதற்குக் கேட்கிறாள் என்று புரியாமல்.

"அப்ப இது உங்களுக்குத்தான், உள்ள வாங்க. ரெண்டு பேரு ஓட்டுற படகு இது. இத நிறுத்துறதுக்கு ஒரு வழி இருக்கு. காட்டித் தாரேன்."

கஸ்பார் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அவள் அவர் பக்கம் பார்க்கவில்லை. கயிற்றை இழுத்துப் படகைத் துறையோடு நெருக்கிப் பிடித்தாள், அவன் கால் வைக்க வாகாக.