வீட்டில் ஆட்கள்

வீட்டு நிம்மதியின் விலை எங்கள் டுலூத் நகரில் நாற்பது டாலர். பக்கத்து வீட்டு மார்லீன், செத்துப்போன கணவர் வெர்னனின் குட்டிக் கணினிக்கு அறுபது கேட்டாள். பேசிக் குறைத்தேன்.

"உள்ள இருக்கறதை நல்லா அழிச்சுடு ராய். மனுஷன் எதையும் விடமாட்டார்."

இரண்டு முறை அழித்தேன். வீட்டுச் சங்கதி வெளியே போகாத இலவச மென்பொருளை ஏற்றினேன். விளக்குகளையும் ஆள் எண்ணும் உணரியையும் இணைத்தேன். நான் தனிக்கட்டை. திரையில், வீட்டில் ஆட்கள்: இரண்டு.

உணரியை மாற்றினேன். அப்போதும் இரண்டுதான். அதன்பிறகு என்னால் உள்ளே உட்கார முடியவில்லை. மார்லீனை அழைத்துவந்தேன். அவள் வாசலைத் தாண்டவில்லை.

"குறைச்ச இருபதை வசூல் பண்ண வந்திருப்பார், கஞ்சப் பயலே!" என்று சிரித்தாள்.

வெளியே வந்து இருபதைக் கொடுத்தேன். எண்ணி வாங்கிக்கொண்டாள். வீட்டைக் காலியாக விட்டு இருவரும் பனியில் நின்று, என் கைபேசியில் அந்த எண்ணிக்கையைப் பார்த்தோம்.

பணக் கணக்கு தீர்ந்தது. வீட்டில் ஆட்கள்: ஒன்று.