மட்டையோடு ஓடியவன்

மார்ச் 8, சனி. இன்று ஆட்டத்தில் ஒரு சின்னத் தவறு செய்துவிட்டேன்.

எழுதிவிட்டு, 'சின்ன' என்ற சொல்லை மட்டும் அடித்தான்.

மாலைநேர வகுப்பின் கடைசி பெஞ்சு. பக்கத்து இடம் காலி. செல்வின் உட்காருகிற இடம்.

செல்வின் ஆஸ்பத்திரியில் இருந்தான்.

பேஸ்பால் ஆடினால் சம்பளம் என்று திருப்பூரில் அதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை. பனியன் கம்பெனி முதலாளி ஒருவர் நான்கு அணிகளை வைத்து லீக் தொடங்கினார். காலி மனைகளில் கிரிக்கெட் ஆடியவர்களைப் பிடித்துப் போட்டார். அவனும் செல்வினும் சேர்ந்துதான் பெயர் கொடுத்தார்கள். ஆளுக்கோர் அணியில் விழுந்தார்கள்.

கிரிக்கெட்டில் மட்டையோடு ஓட வேண்டும். இதில் அடித்ததும் அதைக் கீழே போட்டுவிட்டு வெறுங்கையோடு ஓட வேண்டும். பயிற்சியாளர் முதலில் சொல்லிக்கொடுத்ததே அதைத்தான்.

பயிற்சியில் அவன் ஒருமுறைகூட மறந்ததில்லை.

மூன்று ஆட்டமாக அவன் மட்டையில் பந்தே படவில்லை. இன்றும் படாவிட்டால் அணியை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று காலையிலேயே பேச்சு.

அடித்தவன் ஓடித் தொட வேண்டிய முதல் பேஸில் எதிரணிக்காக நின்ற செல்வின் கத்தினான்.

"என்ன மாப்ளே, முதுகு சொறியவா மட்டையக் கொண்டாந்தே?"

கூட்டத்தில் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள்.

பந்து பட்டது.

ஓடினான். சின்ன வயதிலிருந்து ஓடிய மாதிரியே ஓடினான். கையில் மட்டை. பேஸ் நெருங்கியதும் கோட்டைத் தொடுவதுபோல் அதை முன்னே நீட்டினான்.

செல்வின் ஒரு காலை பேஸில் ஊன்றி, தாழ்ந்து வந்த பந்துக்காகக் குனிந்திருந்தான். கண் பந்தில்.

மட்டையின் நுனி அவன் வாயில் இறங்கியது.

நல்ல அடி விழும்போது மணிக்கட்டில் ஓர் அதிர்வு வரும். அதே அதிர்வு. கைக்கு வித்தியாசம் தெரியவில்லை.

செல்வின் மண்டியிட்டான். கையுறைக்குள் பந்து பத்திரமாக இருந்தது. அதன்மேல் ரத்தம் விழுந்தது. பிறகு ஒரு பல். இன்னொன்று. கீழ்த்தாடை ஒருபக்கமாகத் தொங்கியது.

கொட்டாவி விட்டவர்கள் எழுந்து நின்றார்கள். விசில் பறந்தது.

முதல் தடவையாக அவர்களுக்கு ஆட்டம் புரிந்துவிட்டது.

நடுவர் அவனை அவுட் என்றார்.

கம்பிவேலிக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்தான். முதலாளி தேடிக்கொண்டு வந்தார். கணக்கை முடித்து அனுப்பத்தான் வருகிறார் என்று நினைத்தான். அவர் தோளில் கை போட்டார்.

"சனம் எந்திரிச்சு நின்னுச்சே கண்ணு, பாத்தியா? உன்னைய யாரும் அனுப்ப மாட்டாங்க. நாளைக்கும் மட்டைய உட்றாதே."

கரும்பலகையில் ஆசிரியர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அவன் விரலிடுக்கில் காய்ந்த பழுப்பு. இரண்டு தடவை கழுவியும் போகவில்லை.

'மட்டையைப் போட மறந்துவிட்டேன்' என்று எழுதினான். அந்தச் சொல்லை வெகுநேரம் பார்த்தான்.

மறந்துவிட்டேன்.

அதை அடிக்கவில்லை. ஒரு வரி விட்டுக் கீழே எழுதினான்.

நாளை, ஞாயிறு. காலையில் செல்வினுக்குக் கஞ்சி கொண்டுபோக வேண்டும். ஆட்டத்துக்கு முன் மட்டையின் கைப்பிடிக்குப் புது டேப் சுற்ற வேண்டும். வியர்வையில் நழுவுகிறது.