நண்டு பார்க்க இறங்கியவர்கள்

"அசையாதே, அப்படியே நில்லு" என்று அவள் கத்துவதற்குள் குட்டி இன்னொரு காலையும் ஊன்றிவிட்டாள்.

அதுவும் உள்ளே போயிற்று.

மேலே பார்த்தால் காய்ந்த தரை மாதிரிதான் இருந்தது. அலையாத்தி மரங்களின் வேர்கள் விரல் விரலாக நிமிர்ந்து நின்ற அந்தச் சேற்றில், மரப்பாலத்திலிருந்து இரண்டு ஆள் நீளம் தள்ளி, எட்டு வயதுக் குட்டி முழங்கால் வரை புதைந்து நின்றாள்.

நுழைவாயிலில் பெரிய பலகை வைத்திருந்தார்கள். அப்பா, அம்மா, நடுவில் ஒரு பிள்ளை, மூவரும் கைகோத்து நடக்கிற படம். 'குடும்பத்தோடு உலாவ ஏற்ற பாதை.' கடற்கரை மணலில் தொடங்கி, காட்டுக்குள் பாலமாக வளைந்து வளைந்து போகிற பாதை. பாலத்தை விட்டு இறங்கக் கூடாது என்பதும் அதே பலகையில் இருந்தது, சின்ன எழுத்தில்.

கணவனுக்கு ஆபீசிலிருந்து போன். "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டே போங்க, பின்னாடியே வர்றேன்" என்று சொல்லிவிட்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அவர்கள் பேசிக்கொண்டு போகவில்லை. குட்டி கைப்பிடியைத் தடவிக்கொண்டே முன்னால் போனாள். அவள் பின்னால் போனாள்.

பாலத்துக்குக் கீழே, ஒரு கை மட்டும் பெருத்த சிவப்பு நண்டு ஒன்று வளையிலிருந்து எட்டிப் பார்த்து அந்தக் கையை ஆட்டியது. குட்டி சிரித்துவிட்டாள். வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

அந்தச் சிரிப்பை இழக்க மனசில்லாமல் அவள்தான் சொன்னாள்: "வா, இறங்கிக் கிட்டப் போய்ப் பாக்கலாம்." அவள் கைப்பையைப் பலகையில் வைத்துவிட்டு விளிம்பில் உட்காருவதற்குள் குட்டி குதித்து முன்னால் போய்விட்டாள்.

இப்போது நண்டுகள் ஒன்றையும் காணோம். வேர்களுக்கு நடுவே தண்ணீர் சத்தமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. கடல் ஏறுகிற நேரம்.

"அப்பா! அப்பா!" என்று குட்டி அலறினாள். காற்று எதிர்ப்பக்கமாக அடித்தது. அந்தக் குரல் மணல்வரை போயிருக்காது.

அவள் பாலத்தின் மேல் கிடந்த கைப்பையை எட்டி இழுத்துப் போனை எடுத்தாள். இரண்டு தரம் தப்பாக அழுத்தி, மூன்றாம் தரம் அழைப்பு போனது. லைன் பிஸி; அவன் இன்னும் ஆபீசோடுதான் பேசிக்கொண்டிருந்தான்.

ஓடிப்போய் ஆள் கூட்டி வரலாமா? போய்த் திரும்புவதற்குள் தண்ணீர் எங்கே நிற்கும்? குட்டியின் இடுப்பிலா, கழுத்திலா?

அதற்கு மேலும் ஒன்று இருந்தது. விட்டுவிட்டு ஓடினாள் என்பார்கள். துணியில் ஒரு சொட்டுச் சேறு படாமல் இவள் மட்டும் எப்படித் திரும்பி வந்தாள் என்பார்கள். மாமியார் வீட்டுக் கூடம் கண்முன் வந்தது. சொந்தக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் அவளையே பார்க்கிறார்கள்.



போனைப் பலகை மேல் போட்டுவிட்டு அவள் சேற்றில் குப்புறப் படுத்தாள். நடந்தால் தானும் புதைந்துவிடுவாள். வேர்களைப் பிடித்துப் பிடித்து வயிற்றால் நகர்ந்தாள். முழங்கையும் முட்டியும் கிழிந்தன. வாய்க்குள் உப்பும் சேறும் போயின.

குட்டியின் காலைப் பிடித்து இழுத்தாள். இழுக்க இழுக்கச் சேறு இறுக்கியது.

இழுப்பதை விட்டுவிட்டு, காலைச் சுற்றி விரல்களால் தோண்டினாள். தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் வந்து நிறைந்தது. அய்யோ என்று நினைத்த அந்தத் தண்ணீரே உள்ளே இறங்கிச் சேற்றை இளக்கியது.

"என் முதுகு மேல சாஞ்சுக்கோ. முழுசா படுத்துக்கோ, ஒண்ணும் ஆகாது."

அந்த நிலையிலும் குட்டி ஒரு கணம் தயங்கினாள். பிறகு படுத்தாள். அந்தச் சின்ன நெஞ்சு திக் திக்கென்று அடிப்பது அவள் முதுகில் தெரிந்தது. குட்டியின் பாரத்தில் அவள் முகம் தண்ணீரில் முங்கியது. மூச்சை அடக்கிக்கொண்டு தோண்டினாள்.

ஒரு கால் வந்தது. வெகு நேரம் கழித்து, செருப்பை உள்ளேயே விட்டுவிட்டு, இன்னொன்றும் வந்தது.

பாலத்தின் பலகையில் இருவரும் வேர்களைப் பிடித்து ஊர்ந்து வந்து ஏறி விழுந்தபோது, குட்டி நின்ற இடம் வேர் நுனிகள் மட்டும் தெரிகிற தண்ணீராக இருந்தது. இருவருக்கும் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. வெயில் சுள்ளென்று அடித்தது.

அவள் அழைத்திருந்ததைப் போனில் பார்த்துவிட்டு, தடதடவென்று பலகை அதிர அவன் ஓடி வந்தான். குட்டியை இழுத்துத் தலை, கை, கால் எல்லாம் தடவிப் பார்த்தான். எங்கும் அடியில்லை என்று தெரிந்த பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

கூடத்தில் எல்லோரும் பார்ப்பார்கள் என்று பயந்தாளே, அந்தப் பார்வை.

"எப்படி இறங்கினா இவ? நீ என்ன பண்ணிக்கிட்டிருந்தே?"

அவள் வாயிலிருந்த சேற்றைத் துப்பினாள்.

"சித்தி எறங்காதேன்னுதாம்ப்பா சொன்னாங்க. நான்தான் கேக்கல."

அவள் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து குட்டி அவளை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. எதிரே வந்து நின்று 'இங்க பாருங்க' என்பாள், அவ்வளவுதான்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவள் வாயைத் திறந்தாள்.

அவன் கண்ணுக்குப் படாமல், சேறு காயாத சின்ன விரல்கள் அவள் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தன.