அதிர்ச்சி காட்ட வேண்டியவர்கள்

"கொலைகாரன் இந்த அறையிலதான் இருக்கான்" என்றார் துப்பறிவாளர்.

நாங்கள் அதிர்ந்திருக்க வேண்டும்.

ஏட்டு லத்தியை இறுக்கிப் பிடிக்க வேண்டும். எதிர்வீட்டுப் பாட்டு டீச்சர் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். சுவரோரம் தண்ணீர்த் தட்டோடு நிற்கும் வேலைக்காரி, இன்றைக்குப் புதிதாக வந்தவள், தட்டை நழுவவிட வேண்டும். பிறகு எல்லாத் தலைகளும் ஒவ்வொன்றாக என் பக்கம் திரும்ப வேண்டும். சமையல்காரனாக வரும் நான்தான் கொலைகாரன்.

யாரும் அதிரவில்லை. தட்டும் விழவில்லை. பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் போல அவரையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"கட்! என்னங்க இது, எல்லாரும் கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்கறீங்களா? ரியாக்‌ஷன் எங்கே?" என்றார் இயக்குநர்.

மன்னிப்புக் கேட்டோம். துப்பறிவாளர் திரும்பவும் சொன்னார். நாங்கள் திரும்பவும் பார்த்தோம்.

நடிக்க வருவதற்கு முன்னால் நான் மூட்டை தூக்கியவன். எப்பேர்ப்பட்ட பலசாலியானாலும் மூட்டை தானாக முதுகில் ஏறாது. பக்கத்தில் ஒருத்தன் கை கொடுத்து ஏற்றிவிட வேண்டும். பார்ப்பவர்கள் கண்ணுக்குச் சுமக்கிறவன்தான் தெரிவான்.

துப்பறிவாளரின் மூளையும் அப்படித்தான். அது அவர் தலையில் இல்லை. ஏட்டு வாயைப் பிளப்பதில் இருக்கிறது. டீச்சர் மூச்சை உள்ளே இழுப்பதில் இருக்கிறது. நாங்கள் அசந்துபோனால்தான் அவர் புத்திசாலி. இல்லாவிட்டால் நல்ல கோட்டு போட்டுக்கொண்டு தனக்குத்தானே பேசுகிற ஆள்.

இதை முதலில் எங்களுக்குச் சொன்னது வண்டி.

துப்பறிவாளரின் கார் டிரைவராக, தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து வந்தவன். பெயரே வண்டி என்று ஆகிவிட்டது. அவனுடைய இடது புருவம் மெல்ல ஏறினால் போதும், துப்பு கிடைத்துவிட்டது என்று பார்க்கிற சனத்துக்குத் தெரிந்துவிடும். சந்தையில் ஒரு அம்மாள் அவனை மறித்து, "உன் மூஞ்சிக்காகத்தான்யா பார்க்கறோம், அந்தாளு பேச்சை யாரு கேட்டா" என்றாளாம். அதைச் செட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

துப்பறிவாளர் காதிலும் விழுந்தது.

அதற்குப் பிறகு வண்டிக்கு வசனம் கிடையாது. புருவத்துக்கும் வேலை கிடையாது. துப்பறிவாளரின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற வேண்டும், அவ்வளவுதான். பெட்டிக்குள் செங்கல் வைக்கச் சொன்னார் துப்பறிவாளர். தத்ரூபமாக இருக்க வேண்டுமாம். வண்டி மூச்சிரைக்க மேலே வந்து சேரும்போதெல்லாம் அவருக்கு வசனம் மறந்துபோகும்.

"சாரி, மறுபடி போலாம்" என்பார், வண்டியைப் பார்த்துக்கொண்டே.

கடைசித் தடவை வண்டி பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். நாங்கள் ஓடப் போனோம். துப்பறிவாளர் கையை நீட்டித் தடுத்தார்.

"இருங்கய்யா, நல்லா நடிக்கறான்."

எங்களில் ஒருவரை அவர் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

வண்டி அந்தப் படியிலிருந்து எழுந்திருக்கவேயில்லை. துப்பறிவாளர் வண்டியின் வீட்டுக்குத் தன் உதவியாளனிடம் மாலை கொடுத்தனுப்பினார். மறுவாரம் கார் ஓட்ட வேறொருவன் வந்தான்.

இன்று படப்பிடிப்புக்கு முன்னால் ஏட்டு என்னை ஓரமாகக் கூப்பிட்டார். இந்தக் காட்சியில்தான் எனக்கு வாழ்க்கையிலேயே முதன்முதலாக ஒரு பக்க வசனம். எதற்காகக் கொன்றேன் என்று அழுதபடி சொல்ல வேண்டும். கண்ணாடி முன்னால் நான் ஒப்பித்ததைக் கேட்டுக் கேட்டு அது என் வீட்டுக்காரிக்கே மனப்பாடம்.

"நாம அசையாம நின்னா முதல்ல போறது உன் சீன்தான் மாப்ளே. யோசிச்சுக்கோ."

"யோசிச்சாச்சு மாமா. நீங்க பழக்கதோஷத்துல வாயைப் பிளந்துடாதீங்க."

ஏட்டு வாயைப் பிளக்கவில்லை. முப்பது வருஷமாக அடுத்தவன் புத்தியைப் பார்த்துப் பிளந்த வாய் அது. இன்று கல்லுமாதிரி மூடியிருந்தது. அதைவிடப் பெரிய நடிப்பை நான் பார்த்ததில்லை.

"ஆக்‌ஷன்."

துப்பறிவாளர் மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது. "கொலைகாரன் இந்த..." என்று ஆரம்பித்தார். எங்கள் முகங்களில் ஒவ்வொன்றாகத் தேடினார். டீச்சரிடம் போனார், ஏட்டிடம் போனார், என்னிடம் வந்தார். பிடித்துக்கொள்ள ஒரு முகம் அகப்படவில்லை.

நாங்கள் கொலைகாரனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இந்த அறையில..."

அதற்குமேல் வார்த்தை வரவில்லை. நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். கோட்டுப் பொத்தானைக் கழற்ற விரல் ஒத்துழைக்கவில்லை. ஒரு கை நெஞ்சுக்குப் போயிற்று.

"தண்ணி" என்றார். அது வசனத்தில் இல்லை.

இயக்குநர் பதறி எழுந்தார். தண்ணீர்த் தட்டோடு நின்ற வேலைக்காரிதான் துப்பறிவாளருக்கு மிகப் பக்கத்தில் இருந்தாள். தட்டை இடது கைக்கு மாற்றினாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. வலது கையை நீட்டி இயக்குநரைத் தடுத்தாள்.

"இருங்கய்யா, நல்லா நடிக்கறாரு."

துப்பறிவாளர் அவளை நிமிர்ந்து பார்த்தார். யாரென்று அவருக்குத் தெரியவில்லை.

மாலையை ஆளிடம் கொடுத்தனுப்பாமல் தானே கொண்டுபோயிருந்தால் தெரிந்திருக்கும்.