எப்சிபாளுக்கு விழுந்த பெயர்

தேவாலயத்துக்குத் தீ வைத்தவர்களின் பெயர்களைத் துண்டுத் தாள்களில் எழுதி, காணிக்கைப் பையில் போட்டுக் குலுக்கினார் போதகர். ஆளுக்கு ஒன்று எடுத்து, லெந்து நோன்புக் காலத்தின் நாற்பது நாளும் அந்த ஒருவனுக்காக ஜெபிக்க வேண்டும். எப்சிபாள் எடுத்த தாளில் இருந்தது, அன்றைக்கு மணியடிக்க ஓடிய அவள் மகன் ஜெபசிங்கை வெட்டியவனின் பெயர். மூன்று மாதமாகப் போலீசுக்குச் சிக்காமல் எங்கோ ஒளிந்து திரிகிறவன். பக்கத்திலிருந்த நாத்தனார் லேயாள் எட்டிப் பார்த்துவிட்டு, "இங்க தாங்க மயினி, நான் மாத்திக்கிடுதேன்" என்று கையை நீட்டினாள். "இருக்கட்டும். எனக்குத்தானே விழுந்திருக்கு" என்று எப்சிபாள் தாளை முந்தானையில் முடிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து, விளக்கு வைக்கிற நேரத்தில் முழங்காலில் நின்றாள். அந்தப் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. கால் மரத்துப்போகும்வரை அப்படியே நின்றாள். ஒரு மகனுக்காக ஜெபிக்க அவளுக்குத் தெரிந்தது ஒரே ஜெபம்தான். ஜெபசிங் வேலைக்குப் போன நாளெல்லாம் இந்நேரத்தில் சொன்னது. அவனை அடக்கம் பண்ணிய நாளோடு விட்டுப்போயிருந்தது. கடைசியில் இவனுக்காகவும் அதையே சொன்னாள்.

"ஆண்டவரே, பிள்ளை பத்திரமா வீடு வந்து சேரணும்."