முப்பத்தாறு புழு

"ஏம்மா லூசி, இது தோட்டமா, புழுப்பண்ணையா?"

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று மாடசாமி கத்தினார். அந்தப் பக்கம் லூசியம்மாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

மாடசாமியின் கோபத்தில் நியாயம் இருந்தது. சுரங்க டவுன்ஷிப்பின் தோட்டப் போட்டிக்குப் பதினாறாம் பிளாக்கில் அவர்தான் செயலாளர். போன வருஷம் முதல் பரிசு வாங்கித் தந்ததே லூசியம்மாளின் எலுமிச்சைதான். இந்த வருஷம் அதே செடியில் முழுசாய் ஓர் இலை கிடையாது. சுண்டுவிரல் தண்டிக்குப் பச்சைப் புழுக்கள் பந்தியில் உட்கார்ந்த மாதிரி ஒரு கட்டு கட்டிக்கொண்டிருந்தன.

"ஞாயித்துக்கிழமை ஜட்ஜுங்க வர்றாங்க. மருந்தடிக்க என்ன கேடு?"

"இருக்கட்டும்ண்ணே. இன்னும் ஒரு பத்து பாஞ்சு நாளு. அதுங்களும் தின்னுட்டுப் போவட்டும்" என்று சிரித்தாள் லூசியம்மாள்.

ஒரு பரிசு வாங்கினால் தலையில் கொம்பு முளைத்துவிடும் போலிருக்கிறது என்று முணுமுணுத்தபடி மாடசாமி தன் வேலைக்குத் திரும்பினார்.

வேலை என்றால், கேமராவோடு வேலியோரம் குப்புறப் படுத்துக்கொள்வது.

அதில் மாட்டியிருந்தது மச்சினன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த முழ நீள லென்ஸ். பிளாக்கில் அதற்குப் பீரங்கி என்று பெயர். மைன்ஸில் ஷிப்ட் முடிந்து வந்ததும் சாப்பாட்டைக்கூட மறந்து அதைத் தூக்கிக்கொள்வார். கரிச்சான், மீன்கொத்தி, மரங்கொத்தி எல்லாவற்றையும் படம் பிடித்தாகிவிட்டது.

பாக்கி ஒன்றுதான். கறுப்புச் சிறகில் மஞ்சள் புள்ளி, அடியில் குங்குமப் பொட்டு வைத்த மாதிரி ஒரு பெரிய பட்டாம்பூச்சி. மெட்ராஸ் போட்டோ போட்டிக்கு அதைத்தான் அனுப்புவேன், இல்லையென்றால் லென்ஸைத் திருப்பித் தந்துவிடுகிறேன் என்று மச்சினனிடம் சவால் விட்டிருந்தார். கடைசித் தேதிக்கு இன்னும் இருபது நாள்.

மூன்று வாரத்துக்கு முன் அது வரத்தான் செய்தது. லூசியம்மாளின் எலுமிச்சையைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. நிலையாய் உட்காராமல் தண்ணி காட்டிவிட்டுப் போய்விட்டது. போகிற போக்கில் மாடசாமியின் முழங்கையில் வந்து உட்கார்ந்ததுதான் வேடிக்கை. அந்த லென்ஸுக்கு இருபது அடிக்குள் எது இருந்தாலும் வெறும் மசமசப்புதான்.

"பக்கத்துல இருக்கறது தெரியாத குழலுக்கு எதுக்கு இம்புட்டு நீளம்?" என்று கேட்டாள் அவர் மனைவி பார்வதி.

"உனக்கென்னடி தெரியும், கலையைப் பத்தி!"

வெள்ளிக்கிழமை லூசியம்மாள் ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போயிருந்தாள். மாடசாமிக்குப் பொறுக்கவில்லை. ஒருத்தியின் சோம்பலுக்காகப் பிளாக்கின் மானத்தை விட முடியுமா? தகர டப்பாவில் மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டு வேலி தாண்டினார்.

தொட்டால் ஒவ்வொன்றும் சிவப்புக் கொம்பை நீட்டி நாறியது. மூக்கைப் பிடித்துக்கொண்டு, எண்ணி எண்ணி டப்பாவில் போட்டார். புழு கடித்த கிளைகளையும் நறுக்கி எறிந்தார்.

"முப்பத்தாறு! சரியா ஒரு பிலிம் ரோல் படக் கணக்கு!" என்று வந்து சிரித்தார்.

பார்வதி சிரிக்கவில்லை. "கையக் கழுவிட்டு உள்ள வாங்க."

சாயங்காலம் வந்த லூசியம்மாள் எலுமிச்சைக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். நன்றியில் வாயடைத்துப் போய்விட்டாள் என்று மாடசாமி நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய சாமந்திக்கு ஆறுதல் பரிசாக ஒரு எவர்சில்வர் தூக்கு கிடைத்தது. மாடசாமிதான் எல்லோரையும்விடப் பலமாய்க் கை தட்டினார்.

அதற்குப் பிறகு வேலியோரம் படுத்தார், படுத்தார், படுத்துக்கொண்டே இருந்தார். முதுகு வெந்ததுதான் மிச்சம். கடைசித் தேதிக்கு முந்தின நாள் பொறுமை போய்விட்டது.

"ஏம்மா லூசி! உன் தோட்டத்துக்கு வர்ற அந்தக் கறுப்புப் பட்டாம்பூச்சி எங்கம்மா போச்சு? ஒண்ணையும் காணோம்!"

லூசியம்மாள் அவரை ஆச்சரியமாய்ப் பார்த்தாள். "எப்படிண்ணே வரும்? புழுவை எல்லாம்தான் யாரோ பொறுக்கிட்டாங்களே."

"நான்தாம்மா பொறுக்கினேன். உனக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அதானேண்ணே இது!"

புழுதான் பட்டாம்பூச்சியாகிறது என்று மாடசாமியும் பள்ளிக்கூடத்தில் படித்தவர்தான். அது புத்தகத்துப் புழு. பக்கத்து வீட்டுப் புழுவும் அப்படித்தான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மண்ணெண்ணெய் டப்பா கண்முன் வந்தது. முப்பத்தாறு!

"அடப் பாவமே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

"பூச்சியவே போட்டோ புடிக்கிறவரு. உங்களுக்குத் தெரியாம இருக்குமான்னு நெனச்சேன்."

"சரி, தெரிஞ்சுமா அதுகளைத் தின்ன விட்டே? முதல் பரிசு போச்சேம்மா உனக்கு!"

லூசியம்மாள் காலி வாளியை இடுப்பில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"வருசா வருசம் முட்டை வெச்சதுமே தொடச்சி எறிஞ்சிடுவேண்ணே. இந்த வருசம் நீங்க வேகாத வெயில்ல மண்ணுல படுத்துகினு கெடந்தீங்களா, பாக்கப் பாவமா இருந்துச்சு. பரிசு அடுத்த வருசம் வாங்கிக்கலாம், அண்ணனுக்கு ஒரு போட்டோ கெடைக்கட்டுமேன்னுதான் செடிய அதுங்களுக்கு வுட்டுட்டேன்."