முக்கால் சுற்று

“இது பேனா இல்லை தம்பி, என் வீட்டுக்காரரோட வாய்” என்று சொல்லி, கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்ததைக் கண்ணாடி மேஜையின்மேல் வைத்தாள் அந்த அம்மாள். துணிப்பையிலிருந்து ஒரு டேப்லெட் கணினியையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

செல்போன் பழுது பார்க்கும் அந்தக் கடைக்காரரைத் தெருவில் எல்லோரும் ‘லென்ஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சாப்பிடும்போதுகூடப் பூதக்கண்ணாடி அவர் நெற்றியை விட்டு இறங்காது. சாப்பாட்டுக்காகப் பாதி இறக்கியிருந்த ஷட்டரை அவர் மறுபடியும் மேலே தள்ளினார்.

அவள் நிதானமாக, ஒன்று விடாமல் சொன்னாள். பக்கவாதம் வந்து எட்டு மாதம். பேச்சு போய்விட்டது, வலது கை போய்விட்டது. தண்ணீர் வேண்டும், திருப்பிப் படுக்க வை, எல்லாமே இடது கையால் இந்தப் பேனாவைப் பிடித்து டேப்லெட்டில் எழுதித்தான். ஒன்பது நாளாகப் பேனா டேப்லெட்டோடு சேரவில்லை.

இன்று நாலு மணிக்கு டாக்டர் வீட்டுக்கு வருகிறார், நாத்தனாரும் கூட வருகிறாள். இனி அவர் இந்த வீட்டில் இருப்பதா, தங்கை வீட்டுக்குப் போவதா என்பதை அவரே தன் கையால் எழுதிக் காட்ட வேண்டுமாம். எழுதாவிட்டால் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

“நாலு மணிக்குள்ள எனக்கு இதுக்கு ஒரு வழி தெரிஞ்சாகணும், தம்பி. கடையில காட்டினதுக்குச் சீட்டு வேற வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கா நாத்தனார்.”

விரலால் எழுதலாமே என்று கேட்டார் லென்ஸ். உள்ளங்கை பட்டு எல்லாம் கிறுக்கலாக விழுகிறது என்றாள். காகிதத்தில் அழுத்தி எழுத அந்தக் கையில் வலு இல்லை. இந்தப் பேனா ஒன்றுதான், தொட்டாலே எழுதும்.

லென்ஸ் சாப்பாட்டு டப்பாவை ஓரமாகத் தள்ளினார். பேனாவை, அது சார்ஜ் ஏறும் இடமான டேப்லெட்டின் விளிம்பில் ஒட்டவைத்தார். சார்ஜ் சுத்தமாக இல்லை. அது ஏறும் வரைக்கும் சும்மா இருப்பானேன் என்று பேச்சுக் கொடுத்தார்.

“நான் ஒரு வாரம் வாயைத் திறக்காம இருந்தா, எங்க வீட்டுல தெருவுக்கே மிட்டாய் குடுப்பாங்கம்மா.”

அவள் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, ‘1. சார்ஜ்’ என்று எழுதிக்கொண்டிருந்தாள். மறுபடி இப்படி ஆனால் ஒவ்வொரு தடவையும் கடைக்கு ஓடிவர முடியாதே என்றாள். பொறுப்பான மனுஷி என்று நினைத்துக்கொண்டார் லென்ஸ்.

அடுத்து ப்ளூடூத்தை அணைத்துப் போட்டார். பட்டியலில் இருந்த பழைய பெயரை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்த்தார். டேப்லெட்டையும் ஒரு முறை அணைத்து எழுப்பினார். பேனாவின் பெயர் திரையில் வந்து நின்றது.

“சேர்ந்துடுச்சும்மா.”

அவள் துணிப்பையை இறுக்கிப் பிடித்தாள். “எழுதுதா?”

லென்ஸ் திரையில் ஒரு கோடு இழுத்தார். ஒன்றும் விழவில்லை. இன்னொரு கோடு இழுத்தார், அதுவும் இல்லை. அவள் நீளமாக மூச்சை விட்டாள்.

“மனசை விடாதீங்கம்மா, பார்த்துடலாம்” என்று தேற்றினார் அவர். தெரிந்த எல்லாவற்றையும் இன்னொரு முறை செய்து பார்த்தார். சுவர்க்கடிகாரத்தில் மூன்றாகப் பத்து நிமிஷம் இருந்தது. பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி, பேனாவை விளக்கடியில் மெல்ல உருட்டினார். நுனிக்கும் உடம்புக்கும் நடுவே மயிரிழை அளவு இடைவெளி தெரிந்தது.

“நுனி கழண்டிருக்கும்மா, அவ்வளவுதான் விஷயம். உருட்டி உருட்டி எழுதுவாரோ?”

ஆமாம் என்றாள். இரண்டு விரலால் நுனியைப் பிடித்து முக்கால் சுற்று திருகினார் லென்ஸ். கோடு இழுத்தார். கறுப்பாக, அழகாக விழுந்தது.

அப்போதுதான் அந்தக் கோட்டுக்கு மேலே பழைய எழுத்து இருப்பதைக் கவனித்தார். ஒன்பது நாளைக்கு முந்தைய தேதி. குழந்தை எழுதினதுபோல நடுங்கின எழுத்தில், ‘தங்கச்சி, என்னை’ என்பதோடு நின்றிருந்தது.

“பாவம், எழுதிட்டிருக்கும்போதே நின்னுபோயிருக்கு.”

“ஆமா தம்பி. தங்கச்சின்னா அவருக்கு உயிரு.” அவள் நோட்டில் ‘2. நுனி’ என்று எழுதி, அதன்கீழே அழுத்தமாக ஒரு கோடு போட்டாள். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டாள். கழன்ற நுனி தானாக இறுகிக்கொள்ளுமா? வெறும் கண்ணால் பார்த்தால் தெரியுமா? டாக்டர் மாதிரி படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்குமா?

தானாக இறுகாது, கண்ணாடி இல்லாமல் தெரியாது, இந்த வேலையில் இருப்பவர்களைத் தவிர யாருக்கும் தோன்றாது என்றார் லென்ஸ். தன் தொழிலைப் பற்றி இவ்வளவு அக்கறையாக யாரும் அவரிடம் கேட்டதில்லை. காசு வேண்டாம், வீட்டுக்காரர் நல்லபடியாக நாலு வார்த்தை எழுதினால் போதும் என்று சொல்லிவிட்டு, சீட்டுப் புத்தகத்தை இழுத்துத் தேதியைப் போட்டார். ‘சரி’ என்று ஆரம்பித்தார்.

அவள் கையை நீட்டிச் சீட்டை மூடினாள்.

“சரி செய்ய முடியாதுன்னு எழுதுங்க” என்றாள், கடிகாரத்தைப் பார்த்தபடியே. பேனாவைக் கைக்குட்டையால் துடைத்து அவர் பக்கமாக நகர்த்தினாள்.

“அந்த முக்கால் சுத்தைத் திருப்பிக் கழட்டிடுங்க, தம்பி.”